நோயுள்ள பிராணியை மலிவு விலைக்கு வாங்கலாமா?
(ஒரு பாம்பைப் பற்றி வந்த மஸ்அலா)

சில வாரங்களுக்கு முன் வில்லியனூர்ப் பக்கத்து மஹல்லா ஒன்றில் ஜும்ஆ பயானுக்காகச் சென்றிருந்தேன். தொழுகை முடிந்து கூட்டம் கலைந்த பின், கல்லூரியில் படிக்கும் வாலிபர் ஒருவர் தயங்கித் தயங்கி அருகில் வந்து உட்கார்ந்தார்.

"ஹஜ்ரத்! ஒரு மஸ்அலா கேட்கணும். கேட்டுட்டுச் சிரிக்கக் கூடாது."

செல்போனை எடுத்து ஒரு படத்தைக் காட்டினார். மஞ்சளும் கருப்புமாக, பந்துபோலச் சுருண்டு கிடக்கும் ஒரு பாம்பு! ஆப்பிரிக்காவின் மேற்குக் கரை நாடுகளான கானா, டோகோ, பெனின் ஆகியவற்றில் வாழும் மலைப்பாம்பு வகை அது. விஷமில்லாதது. பயந்தால் பந்தாகச் சுருண்டுகொள்வதால் 'பால் பைத்தான்' என்று பெயர். சென்னையில் ஒருவர் அதை விற்கிறாராம். சாதாரணமாக 15,000 ரூபாய்க்குப் போகும்; இதன்மேல் சிறு பூச்சிகள் இருப்பதால் 6,000 ரூபாய்க்குத் தருகிறாராம். மருந்து போட்டால் சரியாகிவிடும், இரண்டு நாளில் பதில் சொல்ல வேண்டும் என்று கெடுவும் வைத்திருக்கிறார்.

வாலிபர் கேட்டது மூன்று கேள்விகள். பாம்பை விலைக்கு வாங்குவது கூடுமா? குறையைச் சொல்லித்தானே விற்கிறார், அப்படியானால் வியாபாரத்தில் என்ன பழுது? மூன்றாவதைச் சொல்லும்போது அவருடைய குரல் தாழ்ந்தது. "நான் வாங்கலேன்னா அது செத்துப் போயிடும் ஹஜ்ரத். ஓர் உயிரைக் காப்பாத்துறது நன்மைதானே?"

நான் சிரிக்கவில்லை. மலிவு விலை ஆசையில் நோயுள்ள பிராணியை வாங்கி வெட்கப்பட்டவன் நான். பாம்பு வாங்குகிறவர்கள் நம்மில் எத்தனை பேர்? ஆனால் இளைத்த ஆடு, கழுத்து தொங்கிய கோழி, சொறி பிடித்த முயல் என்று 'பாதி விலை' சொன்னால் நாம் எல்லோருமே ஒரு நிமிடம் நின்று பார்க்கிறோம். ஆகவே இந்தக் கேள்வி எல்லா வீடுகளுக்கும் உரியதே.

முதலில் ஸஹாபாக்களின் காலத்துக்குப் போவோம். புகாரீ கிரந்தத்தின் வியாபாரப் பாடத்தில் ஒரு சம்பவம் இருக்கிறது. நவ்வாஸ் என்று ஒருவர். அவரிடம் 'ஹுயாம்' என்ற நோய் பிடித்த ஒட்டகங்கள் இருந்தன. எவ்வளவு தண்ணீர் குடித்தாலும் தாகம் அடங்காத நோய் அது. அவருடைய கூட்டாளி அந்த ஒட்டகங்களை நோயைச் சொல்லாமல் ஒரு பெரியவருக்கு விற்றுவிட்டார். வாங்கியவரின் அடையாளத்தைக் கேட்ட நவ்வாஸ் பதறிப்போனார். வாங்கியவர் அப்துல்லாஹ் இப்னு உமர் (ரலி) அவர்கள்! நவ்வாஸ் ஓடோடிச் சென்று, என் கூட்டாளி உங்களை அறியாமல் நோயுள்ள ஒட்டகங்களை விற்றுவிட்டார் என்று உண்மையைச் சொன்னார். அப்படியானால் ஓட்டிக்கொண்டு போங்கள் என்றார்கள் இப்னு உமர் (ரலி). அவர் ஓட்டிக்கொண்டு புறப்படும்போது, வேண்டாம், விட்டுவிடுங்கள். நோய் தானாகத் தொற்றுவதில்லை என்ற ரஸூலுல்லாஹ்வின் (ஸல்) தீர்ப்பை நாங்கள் பொருந்திக்கொண்டோம் என்று கூறி ஒட்டகங்களைத் தம்மிடமே வைத்துக்கொண்டார்கள்.

இந்தச் சம்பவத்தில் என் மனத்தைத் தொடுகிறவர் அந்த நவ்வாஸ்தான். விற்றாகிவிட்டது, பணமும் வந்துவிட்டது. பேசாமல் இருந்திருக்கலாம். ஓடிப்போய்ச் சொன்னார். சட்டம் என்னவென்றால், குறை மறைக்கப்பட்ட பொருளைத் திருப்பிக் கொடுக்கும் உரிமை வாங்கியவருக்கு உண்டு. இதற்குக் 'கியாருல் ஐபு' என்று பெயர். குறை தெரிந்த பின் அவரே பொருந்திக்கொண்டால் வியாபாரம் நிலைத்துவிடும். ஆகவே நோயுள்ள பிராணியை, நோய் தெரிந்து, மனமொப்பி வாங்குவது தன்னளவில் தடுக்கப்பட்டதல்ல. நம் வாலிபரின் இரண்டாவது கேள்விக்கு இது பாதி பதில்.

மீதிப் பாதி இருக்கிறது. இந்தச் சம்பவத்தைக் காட்டி, நோயுள்ளதை வாங்கிக் கொட்டிலில் கட்டினால் ஒன்றும் ஆகாது என்று சொல்லிவிட முடியாது. நோயுள்ள ஒட்டகங்களை வைத்திருப்பவர் அவற்றை ஆரோக்கியமான ஒட்டகங்களிடம் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டாம் என்று தடுத்ததும் அதே நபி (ஸல்) அவர்கள்தாம். அபூஹுரைரா (ரலி) அவர்களின் அறிவிப்பாக இது புகாரீ, முஸ்லிம் இரண்டிலும் இருக்கிறது. நோய்க்கு என்று சொந்த சக்தி கிடையாது, எல்லாம் அல்லாஹ்வின் நாட்டம் என்பது நம் அகீதா. அவன் ஏற்படுத்தியிருக்கும் காரணங்களை விட்டு விலகி நிற்பது நம்முடைய அமல். இமாம்கள் இரண்டையும் இப்படித்தான் இணைத்து விளக்கியிருக்கிறார்கள்.

இப்போது என் கதையைச் சொல்லிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன், பக்ரீதுக்கு ஒரு மாதம் இருக்கும்போது ஒரு சந்தையில் கிடா ஒன்று பார்த்தேன். ஊர் பெயரும் விற்றவர் பெயரும் வேண்டாம். மற்றவர்கள் 14,000 சொன்ன அளவுள்ள ஆட்டுக்கு அவர் 8,500 சொன்னார். "தூரத்துலேருந்து வண்டியில வந்து வாடிப்போச்சு பாய். புண்ணாக்கு வெச்சா பத்து நாள்ல தேறிடும்" என்றார். என் மனம் கணக்குப் போட்டது. வாங்கிவிட்டேன்.

ஒரு வாரத்தில் அதன் தாடைக்குக் கீழே பை போல வீங்கிற்று. கால்நடை மருத்துவர் ஆட்டின் கீழ் இமையை விரலால் இழுத்துக் காட்டினார். சிவந்திருக்க வேண்டிய இடம் காகிதம் போல வெளுத்திருந்தது. நான்காம் வயிற்றில் ஒட்டிக்கொண்டு இரத்தம் குடிக்கும் புழுவாம். மருந்து கொடுத்தார். உயிர் தப்பிற்று, உடல் தேறவில்லை. வெளிப்படையான நோயுள்ளதும், எலும்பில் மூளைச்சத்து இல்லாத அளவு மெலிந்ததும் குர்பானிக்குச் செல்லாது என்று ஹதீஸ் இருக்கிறதே! கிதாபு ஓதிக் கொடுக்கும் நானே அந்த ஆட்டைக் குர்பானி கொடுக்க முடியாமல் வேறோர் ஆடு வாங்கினேன். மலிவு போயிற்று, விலை இரட்டிப்பாயிற்று.

அத்துடன் முடிந்திருந்தால் என் பையோடு போயிருக்கும். பக்கத்து வீட்டில் கணவரை இழந்த ஓர் அம்மா இரண்டு ஆடும் ஒரு குட்டியும் வைத்திருந்தார்கள். என் கிடா மேய்ந்த அதே புல்லில்தான் அவையும் மேய்ந்தன. சாணத்தில் விழும் முட்டை புல்லில் புழுவாகி, மேயும் ஆட்டின் வயிற்றுக்குப் போகிறது என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. ஒன்றரை மாதம் கழித்துக் குட்டி செத்தது. அதன் விலையை எடுத்துக்கொண்டு போனேன். "அல்லா கொடுத்தான், எடுத்துக்கிட்டான். நீங்க என்ன செய்வீங்க ஹஜ்ரத்து" என்று வாங்க மறுத்துவிட்டார்கள். அந்த வார்த்தை ஏச்சைவிடக் கனமாக இன்னும் நெஞ்சில் கிடக்கிறது.

ஆகவே ஆடு வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கீழ் இமையை இழுத்துப் பாருங்கள். தாடையைத் தடவிப் பாருங்கள். வாலடியில் கழிச்சல் காய்ந்து ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். வாங்கி வந்ததைக் குறைந்தது மூன்று வாரம் தனியே கட்டி, குடற்புழு மருந்து கொடுத்த பிறகு மற்றவற்றோடு சேருங்கள். குரும்பாபேட்டில் ராஜீவ் காந்தி பெயரிலுள்ள கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கும்போது வில்லியனூர்க்காரர்கள் சந்தை வார்த்தையை நம்பியிருக்கத் தேவையில்லை.

பாம்புக்கு வருவோம்.

வியாபாரம் செல்லுபடியாக விற்கப்படும் பொருளுக்கு ஷரீஅத் அங்கீகரித்த பயன் இருக்க வேண்டும். பாம்பு, தேள், எலி போன்றவற்றுக்கு அத்தகைய பயன் இல்லாததால் அவற்றின் வியாபாரம் செல்லாது என்பது ஷாஃபிஈ மத்ஹபின் சட்டம். இமாம் நவவீ (ரஹ்) அவர்களின் மின்ஹாஜிலேயே இது இருக்கிறது. கொல்ல அனுமதிக்கப்பட்ட ஐந்து தீங்குப் பிராணிகளில் பாம்பும் ஹதீஸில் எண்ணப்பட்டிருப்பதால், அதை வீட்டில் வைத்துக்கொள்வதே கூடாது என்றும் ஷாஃபிஈ ஃபுகஹாக்கள் எழுதியிருக்கிறார்கள். ஹனஃபீ மத்ஹபில் சற்று விரிவு உண்டு. மருந்து போன்ற பயன் இருந்தால் பாம்பை விற்கலாம் என்று இப்னு ஆபிதீன் (ரஹ்) போன்றோர் கூறுகிறார்கள். நம் பகுதியில் இரண்டு மத்ஹபினரும் இருப்பதால் இரண்டையும் சொல்கிறேன்.

அந்தப் பயன் எத்தகையது என்பதற்கு உதாரணம் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. மாமல்லபுரம் செல்லும் வழியில் வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் 1978-ல் தொடங்கப்பட்டது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கையும் அரசு அனுமதியோடு பிடித்து, மண்பானையில் சில வாரம் வைத்து, விஷம் எடுத்து, மீண்டும் காட்டிலே விட்டுவிடுகிறார்கள். அந்த விஷத்திலிருந்துதான் கடிபட்டவர்களுக்கான முறிமருந்து தயாராகிறது. பாகூர் வயலில் நடவு நடும் பெண்ணைப் பாம்பு தீண்டினால் ஆஸ்பத்திரியில் ஏற்றப்படும் மருந்துக்கு மூலம் அதுவே. பயன் என்றால் இதுவல்லவா பயன்!

"கண்ணுக்கு அழகா இருக்கே, அது பயன் இல்லையா? மயிலை விக்கலாம்னு கிதாபுல இருக்குன்னு கேட்டிருக்கேனே" என்றார் வாலிபர். கெட்டிக்காரர்தான். அழகுக்காக மயிலையும் குரலுக்காகப் பாடும் பறவையையும் விற்கலாம் என்று ஷாஃபிஈ இமாம்கள் சொன்னது உண்மை. அவை தீங்குப் பிராணிகளின் பட்டியலில் இல்லை என்பதே வித்தியாசம். (மயிலும் பச்சைக்கிளியும் இன்று நம் நாட்டுச் சட்டத்தில் பாதுகாக்கப்பட்டவை. திண்ணையில் கிளிக்கூண்டு தொங்கவிட்டிருக்கும் வீடுகள் இதையும் காதில் போட்டுக்கொள்ளட்டும்.)

இன்னொரு சங்கடமும் உண்டு. அந்தப் பாம்புக்குத் தீனி எலி. உயிருள்ள எலியை விலைக்கு வாங்கினால், பாம்புக்குச் சொன்ன அதே சட்டம் எலிக்கும் வருகிறது. பனிக்கட்டியில் வைத்த செத்த எலியை வாங்கினால் அது மைத்தத் வியாபாரம், அறவே செல்லாது. செத்ததைப் பிராணிக்குப் போடலாம், ஆனால் விலை கொடுத்து வாங்கக் கூடாது. ஆக, பாம்பு உயிரோடு இருக்கும் காலமெல்லாம் இந்தச் சிக்கல் தொடரும். தொட்டால் உளூ முறியுமா என்றும் கேட்டார். முறியாது. நாயும் பன்றியும் தவிர உயிருள்ள பிராணிகள் எல்லாம் சுத்தமானவையே என்பது ஷாஃபிஈ சட்டம்.

நாட்டுச் சட்டத்தைப் பார்ப்போம். நல்ல பாம்பு, சாரை, மலைப்பாம்பு முதலிய நம் நாட்டுப் பாம்புகளைப் பிடிப்பதும் வைப்பதும் விற்பதும் 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். 'எங்கள் பாம்பு வெளிநாட்டுப் பாம்பு' என்று விற்பவர்கள் தப்பித்துக்கொள்வது வழக்கமாக இருந்தது. 2022-ல் அந்தச் சட்டம் திருத்தப்பட்டு, 2024-ல் பதிவு விதிகளும் வந்துவிட்டன. சர்வதேச ஒப்பந்தப் பட்டியலில் உள்ள வெளிநாட்டுப் பிராணிகளை வைத்திருப்பவர்கள் அரசிடம் பதிவு செய்தாக வேண்டும். பால் பைத்தான் அந்தப் பட்டியலில் உள்ளதே. "பதிவுச் சீட்டு தருவாரா?" என்று கேட்டேன். "அதெல்லாம் வேணாம்னு சொல்றாரு" என்றார்.

சீட்டு இல்லாதவை எப்படி வருகின்றன என்பது பத்திரிகை படிப்பவர்களுக்குத் தெரியும். 2023 ஜனவரியில் சென்னை விமான நிலையத்தில் பாங்காக்கிலிருந்து வந்த பெட்டிகளில் 45 பால் பைத்தான்கள் மற்றப் பிராணிகளோடு அடைத்து வைக்கப்பட்டிருந்ததைச் சுங்க அதிகாரிகள் கண்டுபிடித்தார்கள். அதே ஆண்டு ஏப்ரலில் கோலாலம்பூரிலிருந்து வந்த ஒரு பெண்ணின் பெட்டிகளில் 22 பாம்புகள் இருந்தன. துணிமணிக்கு நடுவே, காற்றும் தண்ணீரும் இல்லாமல், ஒன்றின்மேல் ஒன்றாக! அப்படி வருகிற பாம்பின்மேல் பூச்சி இருப்பதில் ஆச்சரியம் என்ன?

அந்தச் 'சிறு பூச்சி' என்ன என்று பார்ப்போம். கடுகைவிடச் சிறிய உண்ணி அது. செதிலுக்கு அடியிலும், கண்ணைச் சுற்றியும், தாடை மடிப்பிலும் ஒளிந்து இரத்தம் குடிக்கும். குடித்தபின் கருத்துவிடும். அரிப்புத் தாங்காத பாம்பு தண்ணீர்த் தொட்டியிலேயே கிடக்கும். தண்ணீரில் கரும்புள்ளிகள் மிதக்கும். ஒரு பெண் உண்ணி 60, 80 முட்டைகள் இடும். முட்டைகள் பாம்பின்மேல் இருப்பதில்லை, பெட்டியின் இடுக்குகளில் இருக்கும். இரண்டு மூன்று வாரத்தில் புதிய தலைமுறை வந்துவிடும். ஆகவே பாம்புக்கு மட்டும் ஒருமுறை மருந்து போட்டுத் தீர்ந்துவிடுகிற காரியமல்ல. இரத்தம் குறைந்து பாம்பு சாகும். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு வேறு நோய்களையும் இந்த உண்ணி கொண்டுசெல்லும். மனிதரையும் கடித்துத் தோலில் தடிப்பு உண்டாக்குவதுண்டு. கடையில் கேட்டு வாங்கிய புழு மருந்தைத் தாமே அளந்து போட்டுக் கொன்றவர்களும் இருக்கிறார்கள். பாம்புக்கு அளவறிந்து கொடுக்கும் ஐவர்மெக்டின் என்ற மருந்து ஆமைக்கு நஞ்சு.

வெளியே தெரிகிற உண்ணியைச் சொன்னார். உள்ளே இருப்பதை யார் பார்த்தது? குடலில் உருண்டைப் புழு இருக்கலாம். கிரிப்டோஸ்போரிடியம் என்ற நுண்ணுயிர் இருந்தால் விழுங்கியதைக் கக்கும், நடு உடல் வீங்கும். அதற்கு நம்பத்தக்க மருந்தே இல்லை. "எந்தக் குறைக்கும் நான் பொறுப்பில்லை" என்ற நிபந்தனையோடு பிராணியை விற்றால் என்ன சட்டம் என்பதை இமாம்கள் அன்றே பேசியிருக்கிறார்கள். பிராணியின் உள்ளே மறைந்திருந்து விற்பவரும் அறியாத குறைக்கு மட்டும் அந்த நிபந்தனை அவரைக் காப்பாற்றும். அறிந்து மறைத்ததற்குக் காப்பாற்றாது என்பது ஷாஃபிஈ மத்ஹபின் வலுவான சொல். ஹனஃபீயில் அந்த நிபந்தனை எல்லாக் குறைக்கும் செல்லும். ஆனாலும் அறிந்து மறைத்தவர் அல்லாஹ்விடம் தப்ப முடியாது. கடைத்தெருவில் தானியக் குவியலுக்குள் கையை விட்டு, அடியில் இருந்த ஈரத்தைக் கண்டு, ஏமாற்றுகிறவர் நம்மைச் சேர்ந்தவரல்லர் என்று எச்சரித்த நபி (ஸல்) அவர்களின் உம்மத் நாம். மேலே இருக்கும் உண்ணியைச் சொல்லிவிட்டு, கக்குவதைச் சொல்லாமல் விடுவதும் அந்த ஈரத் தானியம்தான்.

"வீட்டில் சின்னப் பிள்ளைகள் உண்டா?" என்று கேட்டேன். "அக்கா பையன் இருக்கான். இரண்டு வயசு."

பாம்பு, ஆமை, ஓணான் போன்றவை பார்வைக்கு ஆரோக்கியமாக இருக்கும்போதே அவற்றின் குடலில் சால்மோனெல்லா கிருமி இருக்கக்கூடும். அது கழிவோடு வெளிவந்து பெட்டியிலும் கையிலும் ஒட்டும். தவழ்கிற பிள்ளை தரையைத் தொட்டு விரலை வாயில் வைக்கும். கடும் கழிச்சலும் காய்ச்சலும் வரும். சின்னஞ்சிறு பிள்ளைகளுக்கு இரத்தத்தில் கலந்தால் உயிருக்கே ஆபத்து. அமெரிக்காவில் இப்படிப் பிள்ளைகள் நோயில் விழுந்ததால், 4 அங்குலத்துக்குக் குறைந்த ஆமைகளை விற்க 1975-ல் தடை போட்டார்கள். 5 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் உள்ள வீட்டில் இத்தகைய பிராணிகளே வேண்டாம் என்பது மருத்துவர்களின் ஆலோசனை.

வளர்த்துச் சலித்துப்போனால் என்ன செய்வீர்கள் என்றதற்கு, "ஊசுட்டேரி பக்கம் விட்டுடலாம்" என்றார். அதிலும் ஒரு பாடம் இருக்கிறது. தென் புளோரிடாவில், வளர்ப்புப் பிராணி வியாபாரத்தின் வழியாக ஆசியாவிலிருந்து போன மலைப்பாம்புகள் வெளியேறிச் சதுப்பு நிலத்தில் பெருகின. அவற்றின் நுரையீரலில் இருந்த ஒட்டுண்ணி அந்த நாட்டுப் பாம்புகளின் நுரையீரலுக்கும் போய்விட்டதை ஆராய்ச்சியாளர்கள் கண்டிருக்கிறார்கள். ஊசுட்டேரியிலும் பாகூர் ஏரியிலும் தண்ணீர்ப் பாம்பும் சாரையும் உண்டு. நெல்லைத் தின்னும் எலியைத் தின்று விவசாயிக்கு உதவுவது சாரை. நோயுள்ளதை ஆரோக்கியமானதிடம் சேர்க்காதீர்கள் என்ற கட்டளை ஒட்டகத்துக்கு மட்டுமா?

மூன்றாவது கேள்விக்குத்தான் நான் அதிக நேரம் பேசினேன். அந்த வாலிபரின் இரக்கம் உண்மையானது. தாகித்த நாய்க்குக் காலுறையில் தண்ணீர் மொண்டு கொடுத்தவர் மன்னிக்கப்பட்டார். உயிருள்ள எதற்கு உதவினாலும் நன்மை உண்டு என்பது நபிமொழி. பூனையைக் கட்டிப்போட்டு, தீனியும் போடாமல், தானாகத் தேடித் தின்ன விடவும் செய்யாத பெண் நரகம் புகுந்ததும் நபிமொழி. பாம்புக்கும் உயிர் உண்டு, நோவும் உண்டு.

ஆனால் தம்பி, அந்த 6,000 ரூபாய் பாம்பின் கையில் போவதில்லை. விற்பவரின் கையில் போகிறது. நோயுள்ளதும் விலை போகும் என்று அவர் தெரிந்துகொண்டால் அடுத்த பெட்டியில் இன்னும் நெருக்கி அடைப்பார். நீங்கள் ஒன்றைக் காப்பாற்றியதாக நினைக்கையில், உங்கள் பணமே பத்தைக் கொண்டுவருகிறது. வாங்கிவிட்டாலோ, தீனியும் வைத்தியமும் உங்கள்மேல் கடமையாகிவிடும். பிராணிக்கு உரியதைக் கொடுக்க முடியாதவர் அதைப் பொறுப்பேற்கவே கூடாது. அந்த உயிர்மேல் இரக்கம் இருந்தால் வனத்துறைக்குத் தகவல் சொல்லுங்கள். பிராணியை எடுத்து வைத்தியம் பார்க்கச் செய்யும் அதிகாரம் அவர்களிடம் இருக்கிறது. பணம் கொடுக்காமலும் காப்பாற்ற வழி இருக்கும்போது, செல்லாத வியாபாரத்தின் வழியாகக் காப்பாற்றுவானேன்?

அவர் தலைகுனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். யோசித்துச் சொல்கிறேன் என்று போய்விட்டார். நான்காம் நாள் போன் வந்தது. விற்பவர் விலையை 3,000 ஆக்கிவிட்டாராம். பாம்பு தின்பதை நிறுத்தி இரண்டு வாரமாகிறதாம். இதை இப்போதுதான் சொன்னாராம்.

"வனத்துறை ஆபீஸுக்குத் தனியாப் போகப் பயமா இருக்கு ஹஜ்ரத். நம்மளையே பிடிச்சு வெச்சுக்குவாங்களோன்னு அத்தா வேற சொல்றாரு. நீங்க கூட வரீங்களா?"

திங்கட்கிழமை காலை வருவதாகச் சொல்லியிருக்கிறேன். வல்லாஹு அஃலம்.